ஆகாயத்தைச் சூடாக்குவது எப்படி?

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு வட்டாரத்தில் சாயப்பட்டறையோ பிராசஸிங் ஆலையோ நடத்தும் முதலாளிமார்களுக்காக இந்தச் சிறு கையேடு. பாய்லரில் விறகைப் போட்டு எரிக்கிறீர்கள். அந்தச் சூட்டில் பெரும்பகுதி நீராவிக்குப் போகிறது. மிச்சம் புகையோடு சேர்ந்து சிம்னி ஏறுகிறது. அப்படி ஏறுகிற சூட்டை வழிமறித்து, ஒரு குழாய்க் கட்டுக்குள் தண்ணீரையோ காற்றையோ ஓடவிட்டு, திரும்ப ஆலைக்குள்ளேயே கொண்டுவரலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எகனாமைசர், ஏர் பிரீஹீட்டர் என்று அதற்குப் பெயர்களும் உண்டு. அந்த ஆசைவார்த்தையில் மயங்காமல், காசு கொடுத்து வாங்கிய சூட்டைச் சேதாரம் இல்லாமல் ஆகாயத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையை இங்கே சொல்லித்தருகிறோம். பயப்பட வேண்டாம், கஷ்டமான வித்தை இல்லை. நம் ஆட்களில் பலர் யாரிடமும் பாடம் கேட்காமலே இதில் தேறியவர்கள்.

முதல் வேலை தெர்மாமீட்டர். சிம்னியின் அடியில் புகையின் சூட்டைக் காட்டும் வட்ட முள் கருவி ஒன்று இருக்கும். அது கெட்டுப்போனால் மாற்றக் கூடாது. கெட்டுப்போன தெர்மாமீட்டரைப் போல மனநிம்மதி தரும் சாதனம் ஆலையில் வேறெதுவும் கிடையாது.

“ஏப்பா, சிம்னி சூடு எத்தன காட்டுது?”

“நூத்தி அறுவதுங்க மொதலாளி.”

“நேத்து?”

“நேத்தும் அதேதானுங்க.”

“ஆயுத பூசைக்கு மூணு நாள் பாய்லரை நிறுத்துனமே, அப்ப?”

“அப்பவும் நூத்தி அறுவதுதானுங்க.”

“நல்ல பாய்லரப்பா. ஏத்தமுமில்ல, எறக்கமுமில்ல.”

இந்த நூற்றறுபதில் ஓர் அழகு இருக்கிறது. பத்து கிலோ பிரஷரில் ஓடும் பாய்லருக்குள் தண்ணீர் 184 டிகிரியில் கொதிக்கிறது. அதைக் கொதிக்கவைத்துவிட்டு வெளியேறும் புகை அதைவிடக் குளிர்ந்திருக்க வழியில்லை. டியூப்கள் சுத்தமாக இருக்கும் நல்ல பாய்லரில்கூடப் புகை நீராவியைவிட நாற்பது ஐம்பது டிகிரி கூடுதலாகத்தான் வெளியே வரும். எகனாமைசர் எதுவும் போடாத பாய்லரில் 160 காட்டுகிறது என்றால் ஒன்று முள் செத்துவிட்டது, இல்லையென்றால் எங்கோ ஓட்டை வழியாக வெளிக்காற்று கலக்கிறது. இந்தச் சந்தேகம் யாருக்கும் வந்துவிடாதபடி லாக் புக்கில் மணிக்கொரு முறை 160 என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவைத்துவிடுவது இன்னும் உத்தமம்.

ஓட்டை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, ஒருவேளை யாராவது புதுத் தெர்மாமீட்டர் மாட்டிவிட்டால் அதற்கும் கைவசம் மருந்து உண்டு. விறகு போடும் கதவைத் திறந்தே வையுங்கள். புகையைச் சிம்னிக்கு அனுப்பும் ஐ.டி. ஃபேன் இழுக்கிற இழுப்பில் தேவைக்கு மேல் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றும் சூடேறிச் சிம்னி வழியே போகும். புகையின் அளவு பெருகுவதால் அதன் டிகிரி குறையும். ஆனால் மொத்தத்தில் வெளியேறும் சூடு கூடும். முள் இறங்குவதைப் பார்த்து முதலாளி மகிழ்வார், விறகுக் கணக்கைப் பார்த்து விறகு வியாபாரி மகிழ்வார். ஒரே காரியத்தில் இரண்டு பேரை மகிழ்விக்கும் வாய்ப்பு தொழிலில் அடிக்கடி வருவதில்லை. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகையால் அந்த மீட்டரை யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கரி. டியூபில் படியும் கரி சூட்டை விடாமல் தடுக்கும் நல்ல போர்வை. மூன்று மில்லிமீட்டர் கரி படிந்தால் எரிபொருள் செலவு இரண்டரை சதவீதம் ஏறும் என்பது எனர்ஜி ஆடிட்டர்கள் படிக்கும் பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கு. வருஷத்துக்கு ஒருமுறை, பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தைய நாள் மட்டும் பிரஷ் போட்டால் போதும். நடுவில் எவனாவது டியூப் சுத்தம் செய்ய வேண்டும் என்று கிளம்பினால், ஆர்டர் நிற்கிறது, ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது என்று சொல்லுங்கள். திருப்பூரில் இந்தக் காரணத்தை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

இவ்வளவு செய்தாலே போதும், ஆகாயத்துக்குத் தாராளமாகப் படியளந்துவிடலாம். ஆனாலும் ஒரு நாள் கணக்குப் போடும் ஆள் வரத்தான் செய்வார். மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் 2002-ல் தொடங்கிய எரிசக்தித் திறன் அமைப்பான பி.ஈ.ஈ. தேர்வு வைத்துத் தயார்செய்து அனுப்புகிற ஆள். அவருக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடம்: புகையின் சூட்டை 22 டிகிரி இறக்கி அந்தச் சூட்டை உள்ளே திருப்பினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம். உங்கள் பாய்லர் நாளைக்குப் பத்து டன் விறகு தின்கிறது, புகை 240 டிகிரியில் போகிறது, அதை 150-க்கு இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி. கிட்டத்தட்ட 4 சதவீதம். நாளைக்கு 400 கிலோ விறகு; முந்நூறு நாளுக்கு 120 டன். இதை அவர் உங்கள் கணக்குப்பிள்ளையின் முன்னால் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். தொழில்நுட்பம் தெரியாத கணக்குப்பிள்ளைக்கு 120 டன் என்றால் என்ன என்பது உடனே புரிந்துவிடும்.

சரி, தப்ப முடியவில்லை, எகனாமைசர் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்துவிட்டது. கலங்காதீர்கள். வாங்கிய பிறகும் சூட்டை ஆகாயத்துக்கு அனுப்ப ஏராளமான வழிகள் இருக்கின்றன. சொல்லப்போனால் கலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சூடு யாருக்கு வேண்டும் என்று கேட்காமல் வாங்குங்கள். இதுதான் தலையாய விதி. வெப்பம் மீட்கும் சாதனத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதில்தான் தொடங்குவார்கள். அந்தச் சூட்டை எந்த நேரத்தில், எந்த டிகிரியில், எவன் வாங்கிக்கொள்ளப்போகிறான் என்று கேட்க ஆளிருக்காது. கேட்டுவிட்டால் சாயப்பட்டறையில் பதில் ரொம்பச் சுலபம், அதுதான் ஆபத்து. ரியாக்டிவ் சாயத்துக்குப் பெரும்பாலும் 60 டிகிரித் தண்ணீர் வேண்டும். சோப்பு வாஷுக்கு 90-ஐத் தாண்ட வேண்டும். பாய்லருக்கே நாளெல்லாம் தண்ணீர் வேண்டும். வெந்நீருக்கு இவ்வளவு பசி இருக்கும் தொழில் அதிகமில்லை. ஆனால் சாய மெஷின்கள் ஒரே சீராகத் தண்ணீர் கேட்பதில்லை. பேட்ச் பேட்சாக, ஒரே நேரத்தில் நாலு மெஷின் கேட்கும், அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காது. நடுவில் ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி கட்டி நல்ல இன்சுலேஷன் போட்டால் இந்த ஏற்ற இறக்கமெல்லாம் சமாதானமாகிவிடும். ஆகவே தொட்டி கட்டாதீர்கள். இடமில்லை என்று சொல்லுங்கள். இருக்கிற இடத்தில் பழைய மெஷினைப் போட்டுத் தார்ப்பாய் மூடிவையுங்கள்.

டியூப் தேர்விலும் கவனம் வேண்டும். புகை ஒரு சோம்பேறி வாயு. தண்ணீர் சூட்டை வாங்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் புகை சூட்டைக் கொடுக்கும் வேகம் மிகமிகக் குறைவு. அதனால்தான் புகைப் பக்கம் பரப்பு கூட வேண்டும் என்று டியூப் மேல் தகடு தகடாக ஃபின் சுற்றுகிறார்கள். எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருளுக்கு நெருக்கமான ஃபின் பிரமாதமாக வேலை செய்யும். நீங்கள் எரிப்பது சவுக்கும் சீமைக் கருவேலமும், சாம்பல் பறக்கும். அதற்கு வெறும் டியூப், அகலமான இடைவெளி, எட்டிச் சுத்தம் செய்யக் கதவு என்று வேண்டும். நீங்கள் மறக்காமல் நெருக்கமான ஃபின் டியூபையே வாங்குங்கள். கொட்டேஷனில் அதுதான் குட்டியாகவும் மலிவாகவும் இருக்கும். கொஞ்ச காலத்தில் ஃபின்களுக்கு நடுவே சாம்பல் அடைத்துச் செங்கல் சுவர் மாதிரி ஆகிவிடும். சுத்தம் செய்யக் கதவு வைக்காததால் அது எவர் கண்ணிலும் படாது.

கரி படியும் என்பது ஏதோ நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு ஊர்க்காரர் எட்வர்டு கிரீன் 1845-லேயே எகனாமைசருக்குக் காப்புரிமை வாங்கினார். புகைப்பாதையில் வார்ப்பிரும்புக் குழாய்களை நட்டுவைத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டார். குழாயின் மேல் கரி படியாமலிருக்கச் சுரண்டிகளை மாட்டி, அவை குழாயின் நீளத்துக்கு ஓயாமல் மேலும் கீழும் போய்வரும்படி செய்தார். லங்காஷயர், யார்க்ஷயர் பருத்தி, கம்பளி ஆலைகளின் பாய்லர் அறைகளில் கிரீன் எகனாமைசர் நிரந்தரமாகக் குடியேறியதற்கு அந்தச் சுரண்டிகள் பெரிய காரணம். அவருக்கும் முன்னால் 1816-ல், ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒருமுறை பயன்பட்ட சூட்டைத் தேக்கிவைத்துத் திரும்ப எடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1828-ல் கிளாஸ்கோவின் நீல்சன், இரும்பு உருக்கும் உலைக்குள் குளிர்காற்றை ஊதாமல் சூடான காற்றை ஊதி நிலக்கரிச் செலவைப் பெரிதாகக் குறைத்தார். ஆக, நீராவி யுகம் தவழ்ந்த நாளிலேயே சூட்டைத் திரும்பப் பிடிக்கும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இந்தச் சரித்திரத்தையெல்லாம் படிக்காதீர்கள். படித்தால், எகனாமைசர் என்பது இன்னும் சரிவரப் பழகாத புதிய நுட்பம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது குளிர்ந்த தண்ணீர். இது நுட்பமான பாடம், பொறுமையாகக் கேளுங்கள். டியூபின் வெளியே 200 டிகிரிப் புகை, உள்ளே 30 டிகிரித் தண்ணீர். டியூபின் இரும்பு எந்தச் சூட்டில் இருக்கும்? நடுவில் எங்கோ இருக்கும் என்று நினைத்தால் தப்பு. தண்ணீர் சூட்டை உறிஞ்சும் வேகம் அதிகம் என்பதால் இரும்பு தண்ணீரின் பக்கமே சாய்ந்திருக்கும். விறகுப் புகையில் ஏகப்பட்ட நீராவி இருக்கிறது. குளிர்ந்த இரும்பில் அது வேர்த்து, சாம்பலோடு குழைந்து, பசையாக ஒட்டும். ஃபர்னஸ் ஆயில் எரிப்பவர்களுக்கு இன்னும் விசேஷம். அதிலுள்ள கந்தகம் புகையில் கந்தக அமிலமாகி, 120 முதல் 150 டிகிரிக்குள்ளேயே இரும்பின் மேல் திரவமாக இறங்கும். டியூப் ஊசித்துளை விழுந்து ஒழுகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே கண்டென்சேட் தண்ணீரை, அதாவது நீராவி குளிர்ந்து 80, 90 டிகிரியில் திரும்பிவரும் அந்த அருமையான தண்ணீரை, சாக்கடையில் விட்டுவிட்டு போர் தண்ணீரை மென்மைப்படுத்தி நேரே எகனாமைசருக்குள் ஏற்றுங்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூட்டோடு போனால் எரிபொருளில் ஒரு சதவீதம் குறையும் என்று இன்னொரு வாய்ப்பாடு இருக்கிறது. கண்டென்சேட்டைக் கொட்டுவதன் மூலம் அதையும் சேர்த்து முறியடிக்கிறீர்கள்.

ஃபீட் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன பாய்லர்களில் பம்ப் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். நிற்கிற நேரத்தில் எகனாமைசருக்குள் தண்ணீர் தேங்கி, வெளியே புகை தாக்க, உள்ளேயே கொதித்து நீராவியாகும். பம்ப் மறுபடி ஓடும்போது குழாய் ‘டங் டங்’ என்று அதிரும். பம்பின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றி, இடைவிடாமல் ஓடவைத்தால் சத்தமே இருக்காது. ஆனால் அந்தச் சத்தம்தான் உங்களுக்கு வேண்டும். அதைக் காட்டி, “இது வந்ததிலிருந்து பாய்லருக்கு ஆபத்துங்க” என்று ஆப்பரேட்டரைச் சொல்லவைக்கலாம்.

அப்புறம் நடப்பது தானாக நடக்கும். எகனாமைசரைத் தாண்டிப் புகையை நேரே சிம்னிக்கு விட ஒரு பைபாஸ் டேம்பர் இருக்கும். அடைப்பு எடுக்கும்போதும் பாய்லர் பற்றவைக்கும்போதும் பயன்படுத்துவதற்காக வைத்தது. ஏதோ ஒரு இரவு ஷிஃப்டில் அதைத் திறப்பார்கள். நாளைக்கு மூடிவிடலாம் என்பார்கள். அந்த நாளை வராது. டேம்பர் கைப்பிடி துருப்பிடித்துத் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். எகனாமைசருக்குப் பச்சை பெயின்ட் அடித்து, துணி வாங்குபவர்களின் ஆட்கள் வரும்போது காட்டி, “எங்கள் ஆலையில் வெப்ப மீட்பு உண்டு” என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை; சாதனம் கண் முன்னால் நிற்கிறது. இந்த நிலையை அடைந்தவர்களைத்தான் நாங்கள் முழுத் தேர்ச்சி பெற்றவர்கள் என்று சொல்வோம்.

துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பாடம். ஸ்டென்டருக்குச் சூடு கொடுக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரில் எண்ணெயே 240, 250 டிகிரியில் திரும்பிவருகிறது. புகை அதற்குக் கீழே இறங்க முடியாது; 280, 300 என்றுதான் வெளியேறும். ஆலை முழுக்கத் தேடினாலும் இவ்வளவு நல்ல சூடு வீணாகும் இடம் வேறு கிடைக்காது. எரிவதற்குப் போகும் காற்றை இதில் சூடாக்கலாம், தண்ணீரைச் சூடாக்கலாம். ஆகவே எல்லோரும் பாய்லரையே சுற்றிச்சுற்றி வரட்டும், ஹீட்டர் பக்கம் யாரையும் விடாதீர்கள். ஸ்டென்டரின் மேலே வெளியேறும் காற்றிலும் சூடு இருக்கிறது. ஆனால் அதில் பஞ்சும், நூலில் தடவிய எண்ணெயின் ஆவியும் கலந்திருக்கும். அங்கே வெப்பப் பரிமாற்றி வைத்தால் பஞ்சும் எண்ணெயும் படிந்து, அடிக்கடி கழுவாவிட்டால் தீப்பிடிக்கக்கூடும். இந்தக் கையேட்டில் கிண்டல் இல்லாத ஒரே வரி அது. வெளியேற்றும் காற்றின் அளவைத் துணியின் ஈரத்துக்கு ஏற்பக் குறைத்தால் பாதிப் பிரச்சினை பரிமாற்றி இல்லாமலே தீரும். எக்ஸாஸ்ட் டேம்பரை எப்போதும் முழுக்கத் திறந்துவைத்திருக்கும் நம் வழக்கத்துக்கு அது விரோதமானது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஜெனரேட்டரை மறந்துவிடக் கூடாது. 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஆலைகள் டீசலில் ஓடின. டீசல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் 350 முதல் 450 டிகிரி. ஊற்றிய டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. அப்போது அதைப் பிடித்திருந்தால் நிறைய மிஞ்சியிருக்கும். இப்போது ஜெனரேட்டர் எப்போதாவது, டெஸ்டுக்காக ஓடுகிறது. ஆகையால் வெப்ப மீட்புச் சாதனத்தை அதில் மாட்ட இதுவே தக்க தருணம்.

சிமென்ட் ஆலைக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். உலையிலிருந்து 300 டிகிரிக்கு மேல் வரும் புகையில் அவர்கள் முதலில் சுண்ணாம்புக்கல் மாவைக் காயவைக்கிறார்கள். மிஞ்சுவதில் நீராவி எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். நல்கொண்டா மாவட்டம் விஷ்ணுபுரத்தில் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை ஜப்பானின் நெடோ அமைப்போடு சேர்ந்து 7.7 மெகாவாட் அளவுக்கு அப்படி ஒரு நிலையம் வைத்தது. பெரிய ஆலைகளுக்கு மத்திய அரசு 2012-ல் டன்னுக்கு இவ்வளவு எரிசக்திதான் என்று இலக்கு வைத்து, மீறினால் காசு கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம்மைப் போன்ற சின்ன ஆலைகளை யாரும் கேட்பதில்லை. கேட்காத வரைக்கும் சூடு நம் சொந்தப் பிரச்சினை. சொந்தப் பிரச்சினைகளைத் தள்ளிப்போட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நம்மைக் கேட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஊருக்குள் முழுமையாக வந்தது. முடியாது, கட்டுப்படியாகாது, தொழிலே அழிந்துவிடும் என்று சொன்ன அதே ஊர் அதைச் செய்துகாட்டியது. அந்தச் சுத்திகரிப்பின் கடைசிக் கட்டத்தில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்க நீராவி வேண்டும். அந்த நீராவிக்காக இன்னும் கொஞ்சம் விறகு எரிக்கிறோம். அதன் புகை சூடாகச் சிம்னியில் போகிறது. நொய்யல் ஆற்றில் விழுந்த சாயம் ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. சூட்டுக்கு நிறம் இல்லாததால் அதன்மீது யாரும் வழக்குப் போடவில்லை.

கையேடு இத்துடன் முடிகிறது. இதையெல்லாம் செய்ய விருப்பமில்லாத ஓரிருவர் இருக்கலாம். அவர்கள் சாமானுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பு தெர்மாமீட்டரை மாற்றட்டும், டியூபைத் தேய்க்கட்டும், கதவை மூடட்டும், கண்டென்சேட்டைத் திருப்பட்டும், வெந்நீர் எந்த மெஷினுக்கு எத்தனை மணிக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதட்டும். அதற்குப் பிறகும் சிம்னியில் சூடு மிஞ்சினால் எகனாமைசர் போட்டுக்கொள்ளலாம். 1845-ன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, ராயல்டி கேட்டு யாரும் வரமாட்டார்கள். பாய்லர் இன்ஸ்பெக்டரின் அனுமதியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.